4011 ஆசிலேட்டர்: கணக்கில் 967, மீட்டரில் 1,390. எங்கே தப்பு?

கேள்வி:
மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் ஒன்று செய்கிறேன். ஒரே ஒரு சிடி4011 (நான்கு நேண்ட் கேட் உள்ள ஐசி), 9 வோல்ட் பேட்டரி. இரண்டிரண்டு கேட்டாகச் சேர்த்து இரண்டு ஆசிலேட்டர், அதாவது தானே அலை எழுப்பும் சுற்று. முதல் இரண்டு கேட் நொடிக்கு ஒரு முறை விட்டுவிட்டு ஒலிக்க, மற்ற இரண்டும் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு. அதிர்வெண்ணுக்கு 1-ஐ (2.2 × ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர்) என்பதால் வகுத்தேன். 47கே (கிலோ ஓம்), 10 நானோ ஃபாரட் போட்டால் 967 ஹெர்ட்ஸ் வர வேண்டும். மீட்டரோ 1,390 காட்டுகிறது. கெப்பாசிட்டரை மூன்று முறை மாற்றியும் அதே கதை. மெதுவான பக்கத்தில் 47கே, 10 மைக்ரோ எலக்ட்ரோலிடிக் (பிளஸ், மைனஸ் பார்த்துப் போடும் கெப்பாசிட்டர்). இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது, இப்போது தாளமே தப்புகிறது.

பதில் 1:
பேசாமல் 555 டைமர் ஐசி போடுங்கள். கெப்பாசிட்டர் என்றால் 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும்.

பதில் 2:
555 தேவையில்லை. கெப்பாசிட்டர் மேலும் பழி போடவேண்டாம். 1,390 வர அது 7 நானோவாக இருக்க வேண்டும். மூன்றுமா அப்படி இருக்கும்?

தம்பி, ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேரும் முனையை நேராக ஒலிப் பக்கத்துக் கேட்டின் உள்ளீடான 9-ஆம் பின்னில் கொடுத்திருக்கிறீர்கள், சரியா? அந்த முனை ஒவ்வொரு சுற்றிலும் 9 வோல்ட்டுக்கு மேலேயும் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகப் பார்க்கும். ஐசிக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு அந்த எல்லைகளை 0.7 வோல்ட் தாண்டியதுமே பிடித்து நிறுத்திவிடும். பாதி ஓட்டம் வெட்டுப்பட்டால் நேரம் குறையும். 2.2 என்பது ஏறக்குறைய 1.5 ஆகிவிடும். உங்கள் 1,390 அங்கிருந்து வந்ததுதான். பேட்டரி இறங்க இறங்க சுருதியும் நகரும்.

அந்த முனைக்கும் 9-ஆம் பின்னுக்கும் நடுவில் இன்னொரு ரெசிஸ்டர் போடுங்கள், முதலாவதைப் போல் பத்து மடங்கு: 470கே. ஃபார்முலா எழுதியவர்கள் அதை வைத்துத்தான் எழுதினார்கள். படத்தைப் பார்த்து வரைபவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

எலக்ட்ரோலிடிக்கைக் கழற்றிவிடுங்கள். இந்தச் சுற்றில் கெப்பாசிட்டரின் இரு முனைகளும் மாறி மாறி பிளஸ் ஆகும். நானும் கோயில் திருவிழா சீரியல் செட்டுக்கு இதே வேலையைச் செய்து மூன்றாம் நாள் இரவு ஏணியில் நின்றவன். 1 மைக்ரோ பாலியஸ்டர், 470கே போடுங்கள். அதே வேகம் வரும். அந்தப் பக்கத்து உள்ளீட்டுப் பின்னுக்கு முன்னால் பத்து மடங்கு, 4.7 மெக் (மெகா ஓம்). எலக்ட்ரோலிடிக்தான் வேண்டும் என்றால் 40106 (ஷ்மிட் டிரிக்கர் இன்வர்ட்டர் ஐசி) வாங்குங்கள். அதில் கெப்பாசிட்டரின் ஒரு கால் கிரவுண்டில் இருப்பதால் திசை மாறாது. ஆனால் அதற்கு 2.2 கணக்கு செல்லாது.

கேட்டவர்:
அண்ணா, 470கே போட்டதும் 948! ஆனால் ஒலி எழுப்பும் பீசோ வட்டிலிருந்து சத்தம் மாடியைத் தாண்டவில்லை.

பதில் 2:
948 போதும், இந்த ஐசியில் அதற்கு மேல் துல்லியம் தேடாதீர்கள். பீசோவுக்கு 1 கிலோஹெர்ட்ஸ் பிடிக்காது. பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள்தான் வாய் திறக்கும். 47கேயை எடுத்துவிட்டு 10கேயுடன் 22கே பிரீசெட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) ஒன்றைத் தொடராகப் போட்டு, எங்கே அலறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். உள்ளீட்டு 470கே அப்படியே இருக்கட்டும்.

கேட்டவர்:
3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் அலறுகிறது. கீழ் வீட்டுக்காரர் மேலேறி வந்து மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். தொட்டியில் இன்னும் பாதிகூட நிரம்பவில்லை.