திருவொற்றியூரில் சுற்றிக் காட்டிய பெரியவர் காசு வாங்க மாட்டேன் என்கிறார், என்ன செய்யலாம்?

கொளத்தூரான்:
போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு திருவொற்றியூர் போனோம். தேரடி மெட்ரோவில் இறங்கி சன்னதி தெரு வழியாக நடை. சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை போயிருப்பேன், எப்போதும் தியாகராஜருக்கு ஒரு கும்பிடு, வடிவுடையம்மனுக்கு ஒரு கும்பிடு, அப்புறம் நேரே வீடுதான். இந்த முறை பிரகாரத்தில் ஒரு பெரியவர் பாப்பாவைப் பார்த்து, "இன்னா பாப்பா, யானைய பின்னால நின்னு பாத்துக்கிறியா?" என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். அப்படியே ஆதிபுரீஸ்வரர் சன்னதிக்குப் பின்பக்கம் கூட்டிப் போய் விமானத்தைக் காட்டினார். பின்புறம் சதுரமாக இல்லாமல் வளைந்து, யானை படுத்துக்கொண்டு முதுகைக் காட்டுவது போலவே இருக்கிறது. தூங்கானை மாடம் என்று பெயராம். இத்தனை வருடம் அந்த முதுகைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன், ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அடையாள அட்டை தொங்கவிடும் பழைய நாடா இன்னும் கழுத்தில் இருக்கிறது, அட்டைக்குப் பதிலாக ஒரு சின்ன டார்ச். சட்டைப் பையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கல்வெட்டுக்கு நேராக வெளிச்சம் அடிக்கவில்லை, சுவரை ஒட்டி பக்கவாட்டில் அடித்தார். அதுவரை வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்து பள்ளம் பள்ளமாக எழுந்து வந்தது, ஏதோ வித்தை மாதிரி. வெயில் விழும் இடத்தில் டார்ச் வேண்டாம், கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தாலே போதும். பாப்பாவுக்கு "ஸ்வஸ்திஸ்ரீ" மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, பெரும்பாலும் இதில்தான் ஆரம்பிக்கும், தேடு என்று விட்டுவிட்டார். மூன்று இடத்தில் கண்டுபிடித்தாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. எதைச் சொன்னாலும் கூடவே "இது கல்லுல கீது", "இது ஏட்டுல கீது", "இது வாய்ல கீது" என்று பிரித்துச் சொல்லிவிடுவார். சுந்தரர் சங்கிலியாரிடம் உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்யப் போவதற்கு முன்னால், சன்னதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீ மகிழ மரத்துக்குப் போய்விடு என்று சிவனிடமே பேரம் பேசினார் அல்லவா, சிவன் சரி என்று சொல்லிவிட்டு, மரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று சங்கிலியார் பக்கத்துக்கும் போட்டுக் கொடுத்துவிட்டார் அல்லவா, அது ஏடு. கம்பர் ராமாயணம் எழுத வட்டப்பாறையம்மன் ராத்திரி விளக்குப் பிடித்தாள் என்பது வாய்.

சந்தேகம் இரண்டு. ஒரு சோழ இளவரசனின் நண்பன், அவன் கூடச் சாக முடியவில்லையே என்று இங்கே வந்து சாமியாராகிவிட்டான், "கல்லுல கீது" என்றார், ஆனால் அந்தக் கல்லைக் காட்டவில்லை. நிஜமா? அடுத்து, ஐந்நூறு ரூபாய் நீட்டினேன், முகமே மாறிவிட்டது. டீ மட்டும் குடித்தார், அதிலும் சர்க்கரை இல்லாமல். இவருக்கு எப்படிக் கைம்மாறு செய்வது?

கல்வெட்டுக்கிறுக்கன்:
நிஜம்தான். 949-இல் தக்கோலத்தில் ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில் பராந்தகன் மகன் இராசாதித்தன் யானை மேலேயே செத்துப்போனான். அவனுக்கு நெருக்கமாக இருந்த கேரளத்துக்காரர் வல்லபன், அந்த நேரத்தில் உடன் சாகவில்லையே என்று நொந்து, கங்கையில் குளித்துவிட்டு, ஒற்றியூர் வந்து துறவியாகி, சதுரானன பண்டிதர் ஆனார். வடமொழிக் கல்வெட்டு. கொடுமை என்னவென்றால், அதில் போட்டிருப்பது மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டு. நண்பனைக் கொன்ற படை யாருடையதோ அந்த ராஜாவின் பெயரில்தான் இவர் கோயிலுக்குச் செய்த தானத்தையே எழுதி வைக்க வேண்டியிருந்தது, ஊர் அப்போது அவன் கையில். எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

இவர் இருந்த ஒற்றியூர் மடத்தில் பின்னால் வந்தவர்களுக்கும் சதுரானன பண்டிதர் என்றே பெயர். உங்கள் பாப்பா பார்த்த யானை முதுகு விமானம் முதலாம் இராசேந்திரன் காலத்தில் அப்படி ஒருவர் சொல்லிக் கருங்கல்லில் கட்டியது, கட்டிய தச்சன் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன். ராஜா பெயர் எல்லாக் கோயிலிலும் கிடைக்கும், தச்சன் பெயர் கிடைப்பது அபூர்வம்.

பெரியவரிடம் ஒரு திருத்தம் சொல்லுங்கள். கம்பர் விளக்குக் கதைக்கு ஒரு தனிப்பாடல் உண்டு, அதனால் அது முழுசாக வாய் இல்லை, பாதி ஏடு.

நேர்வழி:
எல்லாரையும் நம்பிவிடாதீர்கள். வேறொரு ஊர்க் கோயிலில் இப்படித்தான் ஒருத்தர் "சும்மா வாங்க சார்" என்று சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் பரிகாரம், தோஷம் என்று ஆரம்பித்து ஆயிரத்து நூறு ரூபாய் கறந்துவிட்டார். அதிலிருந்து யார் பேச வந்தாலும் போனைக் காதில் வைத்துக்கொள்வேன்.

பாரிமுனை:
@நேர்வழி அவர் காசே வாங்கவில்லை என்பதுதானே இங்கே பிரச்சினையே, மறுபடி படியுங்கள்.

எனக்கும் ஒருவர் அமைந்தார், பூக்கடையில், சென்னகேசவப் பெருமாள் கோயில் பக்கம் பூக்கட்டும் அம்மா. முழம் போட்டுக்கொண்டே பேசுவார், நிமிர்ந்தே பார்க்க மாட்டார், விரல் மட்டும் ஓடும். "இந்த சாமி மொதல்ல ஐகோர்ட்டு இருக்குற எடத்துல இருந்துச்சு, வெள்ளைக்காரன் காலி பண்ண வெச்சுட்டான்" என்றார், வாடகை வீட்டுக் கதை மாதிரி. போய்ப் பார்த்தால் உண்மை. 1757-இல் இடித்து, 1762-இல் மாற்று இடம் கொடுத்தார்கள். மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று பெருமாளுக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினார். பட்டணம் கோயில் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அவருக்கு நான் செய்யும் கைம்மாறு ரொம்ப எளிது, பூ வேறு எங்கேயும் வாங்குவதில்லை.

ஒத்தியூர்ப்பொண்ணு:
எங்கள் ஊர் அண்ணா. இந்த மாதிரிப் பெரிசுங்களுக்குக் காசு கொடுத்தால் அவமானப்படுத்தின மாதிரி. திரும்பப் போங்கள், அதுதான் அவருக்கு வேண்டும். கார்த்திகை பௌர்ணமிக்குப் பாப்பாவைக் கூட்டி வாருங்கள். வருடம் முழுக்க ஆதிபுரீஸ்வரர் கவசத்துக்குள்தான் இருப்பார், அன்றிலிருந்து மூன்று நாள் மட்டும் கவசத்தைத் திறந்து புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்துவார்கள். கூட்டம் நெரியும், அம்மாவுக்குக் கால்வலி இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஆகாது என்றால் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை, சுந்தரர் மாட்டிக்கொண்ட கதை அப்படியே நடக்கும். அதுவும் கூட்டம்தான், ஹிஹி.

கொளத்தூரான்:
எல்லாருக்கும் நன்றி. நேற்றுத் திரும்பப் போனேன். காசுதானே வேண்டாம் என்று பெரிய எல்இடி டார்ச் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். சுவரில் ஒரு தடவை அடித்துப் பார்த்தார், "இது இன்னா சாமி, கல்யாண மண்டபமா? நெழலே இல்ல, எழுத்து செத்துப்பூடுச்சி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கம்பர் விஷயத்தைச் சொன்னேன், கொஞ்ச நேரம் யோசித்தார், "சரி, அப்ப பாதி ஏடு" என்று ஒத்துக்கொண்டார். அந்த நண்பன் கல்வெட்டில் இருக்கும் ஆட்சியாண்டு விஷயம் அவருக்கே தெரியாது. இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார், அப்புறம் டீ அவர் வாங்கிக் கொடுத்தார்.

டார்ச் இப்போது பாப்பாவிடம். ராத்திரி வீட்டு வாசற்படியில் படுத்துக்கொண்டு சாய்த்துச் சாய்த்து அடிக்கிறாள், நம்ம வீட்டுக் கல்லில் ஒன்றுமே எழுதவில்லையே என்று ஒரே புகார்.