மெட்ராஸ் 1749-இல் தனி நாடாகப் பிரிந்திருந்தால்? என் குடியரசு ஏன் நிலைக்க மறுக்கிறது?

கேள்வி: திருவொற்றியூர் கதிர்

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ என்ற கணினி வியூக விளையாட்டுக்கு ஒரு மோட் (விளையாடுபவர்களே எழுதிச் சேர்க்கும் மாற்றப் பதிப்பு) எழுதி வருகிறேன். அதோடு சேர்த்து ஒரு மாற்று வரலாற்றுக் கதையும் எழுதுகிறேன்.

கரு இதுதான். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தார்கள். 1748-இல் ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கையில், வட அமெரிக்காவின் லூயிபூர் கோட்டைக்கு ஈடாக மெட்ராஸை ஆங்கிலேயரிடமே திருப்பித் தருவதென்று முடிவானது. 1749 ஆகஸ்டில் ஊர் கைமாறியது. எங்கோ கனடா கடற்கரையில் இருந்த ஒரு கோட்டைக்காக நம் ஊரைப் பண்டமாற்றுச் செய்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கைமாற்றத்துக்குச் சில நாள் முன்பு, கருப்பர் நகரத்து (கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் வாழ்ந்த பகுதி) வணிகர்களும் துபாஷிகளும் (மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர்கள்) நெசவாளர்களும் ஒன்றுசேர்ந்து கோட்டைக் கதவைச் சாத்தி, ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் இரண்டு கம்பெனிகளும் வேண்டாம் என்று சென்னப்பட்டணக் குடியரசை அறிவித்திருந்தால்?

கொடி, வரைபடம், ஆட்சிமன்றம் எல்லாம் தயார். ஆனால் 1821 வரை ஓடவேண்டிய ஆட்டத்தில், 1760-க்குள் என் குடியரசு காணாமல் போய்விடுகிறது. சில சமயம் ஆற்காட்டு நவாப் விழுங்குகிறார், சில சமயம் மைசூர். பெரும்பாலும் அதற்கு முன்பே கஜானா காலியாகிக் கடனில் மூழ்குகிறது. படைபலத்தைச் செயற்கையாகக் கூட்டிக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. படிப்பவர் நம்பும்படி அது நிலைக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: பெரம்பூர் சதுரங்கன்

முதலில் ஆற்காட்டைக் கப்பம் கொடுத்துச் சமாதானப்படுத்துங்கள். இத்தாலிக்கு எதிர்க்கரையில் இருந்த ரகுசா குடியரசை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாபுறமும் பெரிய அரசுகள்; ஆனாலும் உதுமானியருக்குக் கப்பம் கட்டிக்கொண்டே தன் கப்பலையும் வணிகத்தையும் காத்து, நெப்போலியன் ஆட்கள் 1808-இல் கலைக்கும்வரை நின்றது. தலை வணங்குவதை விளையாடுபவர்கள் தோல்வியாகவே பார்க்கிறோம். சிறு நாட்டுக்கு அதுதான் கேடயம்.

இன்னொன்று. நவாப் படையின் வலிமையை மோட்டில் அதிகமாக வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1746 அக்டோபரில் அடையாற்றங்கரையில் நவாபின் மகன் மாபூஸ் கானின் பெரும்படையைப் பிரெஞ்சுத் தளபதி பாரடியின் சில நூறு வீரர்கள் சிதறடித்தார்கள். பயிற்சி பெற்ற சிப்பாய்கள் யாரிடம் இருக்கிறார்கள் என்பதே அதற்குப் பிறகு கேள்வி. பிரெஞ்சுக்காரர் பயிற்சி கொடுத்த சிப்பாய்களில் ஒரு பிரிவாவது உங்கள் பக்கம் வந்தாக வேண்டும்.

பதில்: ராயபுரம் கணக்கர்

தம்பி கதிர், துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உன் மோட்டை இறக்கி, என் பேரன் உதவியோடு பார்த்தேன். கொடிக்கு இவ்வளவு உழைத்திருக்கிறாய். சுங்கத்துக்கு ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது தாங்கவில்லை. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

உன் வரைபடத்தில் மெட்ராஸுக்கு நங்கூரச் சின்னம் போட்டு, துறைமுக வருமானம் என்று ஒரு தொகையைக் கொடுத்திருக்கிறாய். 1749-இல் இங்கே துறைமுகமே கிடையாது. அலைதாங்கிச் சுவர் கட்டும் வேலை 1870-களில்தான் தொடங்கியது. அதுவரை கப்பல்கள் கரைக்கு வெளியே ஆழ்கடலில் நிற்கும். துணிப்பொதியோ வெள்ளிப்பெட்டியோ, எதுவானாலும் மசூலா படகில்தான் கரை சேரும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அறையும்போது ஆணி அடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். எந்த அலையின் முதுகில் ஏறினால் கரை, எதில் ஏறினால் கவிழ்வு என்பது துடுப்புப் பிடித்த மீனவர்களுக்குத்தான் தெரியும். ஆளுநரானாலும் அவர்கள் தோளைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும்.

இப்போது உன் குடியரசுக்கு வா. கோட்டைக் கதவைச் சாத்தியவர்கள் பட்டியலில் வணிகர் உண்டு, துபாஷி உண்டு, நெசவாளர் உண்டு. படகுக்காரன் எங்கே? அவன் படகை இறக்கவில்லை என்றால் சரக்கு இல்லை. சரக்கு இல்லை என்றால் சுங்கம் இல்லை. சுங்கம் இல்லை என்றால் சிப்பாய்க்குச் சம்பளம் இல்லை. உன் கஜானா ஏன் காலியாகிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

பிரிந்த நாடுகளின் வரலாற்றைப் பார். பயாஃப்ரா 1967 மே மாதம் நைஜீரியாவிலிருந்து பிரிந்தது. எண்ணெய் இருந்தது, படித்தவர்கள் இருந்தார்கள், போரிடும் உறுதியும் இருந்தது. 1968 தொடக்கத்தில் நைஜீரியா தன் பண நோட்டுகளை மாற்றியது. பயாஃப்ரா கையில் குவிந்திருந்த பழைய நோட்டு வெறும் காகிதமானது. அதே ஆண்டு மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகமும் போனது. கடல்வழி அடைபட்ட பிறகு பசிதான் ஆண்டது. 1970 ஜனவரியில் எல்லாம் முடிந்தது. எத்தனை குழந்தைகள் செத்தார்கள் என்பதை இதைக் கதையாக எழுதுகிறவர்கள் மறக்கக்கூடாது.

சண்டையே இல்லாமல் பிரிந்தாலும் கதை அதேதான். செக்கும் ஸ்லோவாக்கும் 1993 ஜனவரி 1 அன்று பிரிந்தார்கள். கொஞ்ச காலம் ஒரே பணம் புழங்கட்டும் என்று பேசிவைத்திருந்தார்கள். பிப்ரவரி 8-ஆம் தேதியே அந்த ஏற்பாடு முறிந்தது. புதிய நோட்டு அச்சாகி வரும்வரை என்ன செய்வது? பழைய நோட்டின்மீதே தபால்தலை மாதிரி ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டினார்கள். செக் ஒட்டு இருந்தால் செக் பணம், ஸ்லோவாக் ஒட்டு இருந்தால் ஸ்லோவாக் பணம். ஒரு நாடு பிறப்பதை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் பொருள் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. உன் கதையில் இப்படி ஒரு பொருள் வேண்டும். கம்பெனியின் வராகன் என்ற பொன் நாணயத்தைக் குடியரசு என்ன செய்யும்? ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்று கணக்கு எழுதிய ஊர் இது. நாணயத்தில் யார் முத்திரை? அதைப் பழவேற்காட்டு டச்சுக்காரன் வாங்குவானா? இதற்குப் பதில் எழுதிவிட்டால் உன் நாடு பாதி எழுந்துவிடும்.

தண்ணீரும் உண்டு. சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, ஜொகூரிலிருந்து தண்ணீர் எடுக்கும் 1961, 1962 ஒப்பந்தங்களுக்கான உத்தரவாதத்தைப் பிரிவினை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். நம் கோட்டையும் கடலோரத்து உப்புமண்ணில் நிற்பதுதான். நல்ல தண்ணீருக்காக வடக்கே ஏழுகிணறு அமைந்தது 1772-இல். உன் ஆண்டில் அது கிடையாது. முற்றுகை வந்தால் கோட்டைக்கு உள்ளே இருப்பவர்கள் எதைக் குடிப்பார்கள்?

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படி. பெரம்பூரில் 1709-இல் பிறந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை எழுதியிருக்கிறார். கப்பல் வரவும் சரக்கும் அரண்மனைச் சண்டையும் ஒரே பக்கத்தில் வரும். அந்த நடையைக் காதில் வாங்கிக்கொண்டு எழுத உட்கார்.

பதில்: பழைய வண்ணை வாசகி

கணக்கர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதற்கும் முந்தைய இடத்தில் ஒரு தடை இருக்கிறது. கதிரின் வணிகர்களும் நெசவாளர்களும் ஒன்றாகக் கதவைச் சாத்த மாட்டார்கள்.

கருப்பர் நகரத்தில் வலங்கை, இடங்கை என்று சாதிகள் அணிசேர்ந்த இரு கட்சிகள். எந்தத் தெருவில் எவர் ஊர்வலம் போவது என்பதற்கே இரத்தம் சிந்தியவர்கள். 1707-இல் தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது தகராறு முற்றி, வலங்கையினர் ஊரைவிட்டே வெளியேறிச் சாந்தோமில் போய் உட்கார்ந்தார்கள். கம்பெனி நடுவராக இருந்து பிழைத்ததே இந்தப் பிளவினால்தான். நடுவர் போய்விட்டால் முதல் திருவிழாவிலேயே உங்கள் ஆட்சிமன்றம் உடையும். அந்த விளையாட்டில் சமூகப் பிரிவுகளுக்குச் செல்வாக்கும் விசுவாசமும் தனித்தனியாகக் கொடுக்கலாம் அல்லவா? ‘நகர வணிகர்’ என்று ஒரே பிரிவாக வைக்காமல் இரண்டாகப் பிரியுங்கள்.

அவர்களை ஒன்றுசேர்க்க ஒரு பொது வலி வேண்டும். அது வரலாற்றிலேயே இருக்கிறது. கோட்டையை ஒட்டி இருந்த பழைய கருப்பர் நகரத்து வீடுகளில் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் பீரங்கிக்குத் திறந்தவெளி வேண்டுமென்று மிச்சத்தையும் பிற்பாடு அகற்றினார்கள். வீடு இடிந்தவனுக்கு வலங்கை என்ன, இடங்கை என்ன? உங்கள் புரட்சி அங்கே தொடங்கினால் நான் நம்புவேன்.

நம் பகுதியிலேயே இன்னொரு பாடமும் உண்டு. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழையில் கூடிய கூட்டத்தில் தொடங்கிய தி.மு.க.வுக்குத் திராவிட நாடு என்ற தனி நாடு அன்று முதன்மைக் கோரிக்கை. 1962-இல் அண்ணா அதை மாநிலங்களவையில் பேசினார். அதே ஆண்டு அக்டோபரில் சீனப்போர் வந்தது. 1963-இல் பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்கும் 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. கோரிக்கை கைவிடப்பட்டது, மாநில உரிமை என்ற திசைக்குக் கட்சி நகர்ந்தது. ஒரு வெளிப்போர் ஊரின் மனத்தை எவ்வளவு விரைவில் மாற்றும் என்பதை மாற்று வரலாறு எழுதுகிறவர்கள் இதில் கவனிக்க வேண்டும். உங்கள் குடியரசுக்கும் அப்படி ஒரு போர் காத்திருக்கிறது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வருவார். அன்று உங்கள் மக்கள் யார் பக்கம் நிற்பார்கள்?

கதிர்

அக்கா, ஐயா, சதுரங்கன், மூவருக்கும் நன்றி. இரவு முழுக்க மாற்றி எழுதினேன். இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து கதை தொடங்குகிறது. வலங்கை, இடங்கை தனித்தனிப் பிரிவுகள். படகுக்காரர்கள் மூன்றாவது பிரிவு. ஆற்காட்டுக்குக் கப்பம் உண்டு. இப்போது 1758 வரை கஜானா தாங்குகிறது. லாலியின் முற்றுகை வந்ததும் தண்ணீர்தான் முதலில் தீர்கிறது. அதை அப்படியே கதையில் வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஐயா, ஒரு சந்தேகம். படகுக்காரர்களைக் குடியரசின் பக்கம் வைத்திருக்கக் கூலியை உயர்த்தினால் போதுமா?

ராயபுரம் கணக்கர்

போதாது. கூலியை யார் வேண்டுமானாலும் உயர்த்துவார்கள். நாளை லாலி இன்னும் கூட்டித் தருவார். ஆட்சிமன்றத்தில் அவர்களுக்கு இடம் கொடு. சரக்கு நனைந்தால் நட்டம் யாருக்கு என்பதைத் தீர்க்கும் வழக்குமன்றத்தில் அவர்களில் ஒருவரை உட்கார வை. கரையில் எப்போதும் வரும் சண்டை அதுதான். புயல் மாதங்களில் படகு இறங்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல்கள் இந்தக் கரையில் நிற்கவே அஞ்சின. அந்த மாதங்களுக்கு அவர்கள் வீட்டு அரிசிக்கு ஒரு வழி எழுது. மோட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுங்க வருமானத்தைக் குறைத்துவிடு.

தண்ணீருக்கு, முற்றுகைக்கு முன்பே பெத்தநாயக்கன்பேட்டைக் கிணறுகளைச் சுற்றி மதில் எழுப்ப முடியுமா என்று பார். செலவு அதிகமாகும். கொடிக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து எடு.