மறு: இம்பிடன்ஸ்: ஒலியெதிர்ப்பா, ஒலிமறுப்பா?

வணக்கம். நம் கையேட்டின் ஒலி அத்தியாயத்துக்காக இம்பிடன்ஸ் (impedance) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஒலி வந்து தள்ளும்போது ஒரு பொருள் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதற்கான அளவு அது.

> மின்னியலில் எதிர்ப்பு, மறுப்பு என்றெல்லாம் புழங்குகிறதே. ஒலிக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைக்கலாம்தான். ஆனால் ஒலியெதிர்ப்பு என்றதும் எனக்குக் குழாய் ஒலிபெருக்கியை இறக்கச் சொல்லி மனுக் கொடுப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். அது போகட்டும். ஒலிமறுப்பு என்று படிக்கிற பிள்ளை, 'ஒலியை உள்ளே விடாத பொருள்' என்றுதான் புரிந்துகொள்ளும். எஃகு ஒலியை மறுக்கவா செய்கிறது? தண்டவாளத்தில் காதை வைத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள். (பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டாம்.) காற்றில் நொடிக்கு 343 மீட்டர் போகிற ஒலி, எஃகில் 5,000 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. எஃகின் இம்பிடன்ஸோ காற்றைப்போல ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு!

சிக்கல் பொருளுக்குள் இல்லை, இரண்டு பொருள்கள் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது. இரண்டின் இம்பிடன்ஸும் எவ்வளவு வேறுபடுகிறதோ, அவ்வளவு ஒலி அங்கே திரும்பிப் போய்விடும். ஆற்றில் முங்கிக்கொண்டு கண்ணைத் திறந்தால் கரையில் நிற்பவர் மங்கலாகவாவது தெரிவார். அவர் கத்துவது கேட்காது. தண்ணீரில் நேராக விழும் ஒளியில் 2 விழுக்காடுதான் திரும்பிப் போகிறது. ஒலியிலோ ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும்.

அம்மாவுக்கு வயிற்றில் ஸ்கேன் எடுத்தபோது, சில்லென்று கூழைத் தடவியதும், "இது எதுக்கும்மா, கோந்து மாதிரி?" என்று கேட்டார். "நடுவுல காத்து இருந்தா ஒண்ணும் தெரியாதும்மா" என்றார் ஸ்கேன் எடுத்த பெண். இம்பிடன்ஸுக்கு இதைவிட நல்ல பாடம் நான் கேட்டதில்லை. நம் காதுக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது: காற்றில் வருவதை உட்செவியின் நீர்மத்துக்குள் தள்ளத்தான் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். (பெயர் வைத்தவர் கொல்லன் பட்டறைக்குப் போய்வந்தவராக இருக்க வேண்டும்.)

சரி, சொல்லுக்கு வருகிறேன். துகள்களை இவ்வளவு வேகத்தில் அசைக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதுதான் இம்பிடன்ஸ். ஆக, பொருள் ஒலியை மறுக்கவில்லை, அசைய மறுக்கிறது. அதனால் என் பரிந்துரை அசைமறுப்பு. காற்று சொன்னபடி அசையும், அசைமறுப்பு குறைவு. எஃகு முரண்டு பிடிக்கும், அசைமறுப்பு மிகுதி. ஸ்கேன் கூழ் செய்வது அசைமறுப்புப் பொருத்தம்.

> தகைவு என்று சுருக்கமாக வைக்கலாமே?

அழகான சொல். ஆனால் பாடநூல்களில் அது ஏற்கெனவே ஸ்ட்ரெஸ்ஸுக்குப் போய்விட்டது. அழுத்தம் பேசுகிற அதே பக்கத்தில் இரண்டு தகைவுகள் வந்தால் ஆசிரியர் பாவம்.

> அசைமறுப்பு என்றால் நிலைமம் மாதிரி இல்லையா?

இந்தக் கேள்வி நியாயமானது. நிலைமத்துக்கு நிறை மட்டும் போதும். இங்கே அடர்த்தியை ஒலியின் வேகத்தால் பெருக்குகிறோம், அந்த வேகத்துக்குள் விறைப்பும் வந்துவிடுகிறது. குழப்பம் வரும் இடங்களில் 'ஒலி அசைமறுப்பு' என்று முழுதாக எழுதலாம்.

ஒரு ஓட்டையை நானே சொல்லிவிடுகிறேன். மின்காந்த அலைக்கு வெற்றிடத்திலும் இம்பிடன்ஸ் உண்டு, சுமார் 377 ஓம். அங்கே அசைவதற்கு எதுவும் இல்லையே! ஒளிக்கும் வானொலிக்கும் இந்தச் சொல் செல்லாது. அந்தப் பக்கத்துக்கு மின்னியல் நண்பர்கள் யாராவது சொல் தாருங்கள். கையேட்டின் ஒலி அத்தியாயத்தில் மட்டும் அசைமறுப்பைப் போட்டு அனுப்புகிறேன்.