சுட்ட மண்கலங்களில் வெள்ளை உப்புப் படலம்: தடுப்பது எப்படி?

கேள்வி:
ஏரி மண்ணில் வனைந்து விறகுச் சூளையில் சுடும் எங்கள் பூந்தொட்டிகளின் வாய் விளிம்பிலும் பூ வேலைப்பாட்டின் மேடுகளிலும் சாம்பல் பூசியதுபோல் வெள்ளைப் படலம் தங்கிவிடுகிறது. அடிப்பாகமோ நல்ல சிவப்பாக இருக்கிறது. தேய்த்துக் கழுவினாலும் போவதில்லை. மண் பிசைய ஆழ்துளைக் கிணற்று நீரையே பயன்படுத்துகிறோம். பேரியம் கார்பனேட் சேர்க்கச் சொல்கிறார்கள். எவ்வளவு சேர்க்க வேண்டும்? தண்ணீர்ப் பானை மண்ணிலும் சேர்க்கலாமா?

மறுமொழி 1:
வணக்கம். காற்று அதிகம் படும் விளிம்பை நோக்கி ஈரம் நகரும்போது, அதில் கரைந்துள்ள ஜிப்சம் (கால்சியம் சல்பேட்), மெக்னீசியம் சல்பேட் போன்ற உப்புகளும் உடன் சென்று, நீர் ஆவியானதும் அங்கேயே தங்கி, சூளைச் சூட்டில் மேற்பரப்போடு இறுகிவிடுகின்றன. (செங்கல் சுவரில் பின்னாளில் பூக்கும் உப்பு இப்படி இறுகியதன்று, அது பெரும்பாலும் நீரில் கரைந்துவிடும்.) மருந்து தேடுமுன் உப்பு மண்ணிலா நீரிலா என்று பாருங்கள். ஒரே மண்ணைக் கிணற்று நீரிலும், பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரிலும் தனித்தனியே பிசைந்து, வில்லைகளாகத் தட்டி, ஒவ்வொன்றிலும் பாதியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி உலரவிட்டுச் சுடுங்கள். இரண்டிலும் திறந்த பாதி ஒரே அளவுக்கு வெளுத்தால் குற்றம் மண்ணில்தான்.

மறுமொழி 2:
மண்ணில் ஜிப்சம் இருந்தால் பேரியம் கார்பனேட் நன்றாகவே வேலை செய்யும். அது சல்பேட்டைப் பிடித்து, நீரில் கரையாத பேரியம் சல்பேட்டாக மாற்றிவிடுவதால் உப்பு நகர வழியில்லை. 100 கிலோ உலர்ந்த மண்ணுக்கு 200 முதல் 500 கிராம் வரை வழக்கமான அளவு. குறைந்த அளவில் வில்லைகளில் தொடங்குங்கள். மிகச் சிறிதளவே, அதுவும் மெதுவாகக் கரையும் பொருளாதலால், உலர்தூளாகத் தூவாமல் நீரில் கலக்கி, கூழ் மண்ணில் சேர்த்து சில நாள் ஊறவிடுவது நல்லது. சோற்றுப்பு வகைக் குளோரைடுகளை இது தடுக்காது. எலி மருந்தாகப் பயன்பட்ட நஞ்சு இது. கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொட வேண்டாம். வினைபுரியாமல் எஞ்சும் தூள் வயிற்று அமிலத்தில் கரையக்கூடியது என்பதால், தண்ணீர்ப் பானை மண்ணில் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து.

மறுமொழி 3:
தண்ணீர்ப் பானைக்கு வேறு வழி உண்டு. மண்ணை மழைநீரில் கூழாகக் கரைத்து, தெளிந்த மேல்நீரை இறுத்துவிட்டு, மீண்டும் ஒருமுறை அப்படியே செய்தால் கரையும் உப்பில் பெரும்பகுதி போய்விடும். வனைந்த பானை சற்று இறுகியதும் கவிழ்த்து வைத்து, விளிம்பைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, அடிப்பாகம் முதலில் உலரும்படி விடுங்கள். எஞ்சிய உப்பு யார் கண்ணிலும் படாத அடியில் போய்ப் படியும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகையில் மண்ணை உலர்த்தும் வழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள். பலகையிலிருந்து உதிரும் துகளும் ஜிப்சம்தான்.