முதியோருக்கு நோய்த்தடுப்புப் பாடம்: ரோபோவை நம்பி விடலாமா?

நிரலாளன்:
முதியோர் இல்லங்களில் கை கழுவுவது, படுக்கையிலிருந்து விழாமல் எழுவது, மாத்திரை குழம்பாமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றையும் ரோபோவே சொல்லிக்கொடுக்கட்டும் என்பது என் கட்சி. நாற்பதாவது தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. பிள்ளைகளிடம் இரண்டாம் முறை கேட்கக் கூச்சப்படுகிறவர்கள்கூட இதனிடம் தயங்காமல் கேட்பார்கள்.

செவிலி:
கை கழுவுவதையே எடுத்துக்கொள்வோம். சோப்பு போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். விட்டுப்போவது கட்டைவிரலும் விரல் நுனிகளும்தான். நாவோ என்ற மனித உருவ ரோபோவுக்குக் கைக்கு மூன்றே விரல், அவையும் சேர்ந்தே மடங்கும். பெப்பர் என்ற இன்னொரு ரோபோவுக்கு ஐந்து இருந்தும் தனித்தனியாக அசையாது. கட்டைவிரலைப் பிடித்துச் சுழற்றித் தேய்ப்பதை இவை எப்படிக் காட்டும்?

நிரலாளன்:
அதற்குத் திரையில் நிஜக் கையின் படம் ஓடட்டும். ரோபோ கேட்க வேண்டியது, "இப்போது எனக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள், அடுத்து எந்த விரல்?" என்று. கேட்டதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தால்தான் புரிந்ததா என்று தெரியும். தலையாட்டலை வைத்து முடிவு கட்டக்கூடாது.

செவித்திறன் நிபுணர்:
பேசிப் பதில் வாங்குவதில்தான் சிக்கலே இருக்கிறது. வயதானால் முதலில் குறைவது உயர் அதிர்வெண் ஒலிகள். ஸ, ஷ, ஃப போன்றவை காதில் விழாது. கீச்சுக்குரல் ரோபோ அங்கேயே தோற்கும். சத்தத்தைக் கூட்டினால் காது கூசும், சொல் தெளியாது. சுருதியை இறக்கி, வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விட வேண்டும்.

இன்னொன்று, மௌனம். பல பேச்சறி மென்பொருள்கள் ஒரு விநாடி அமைதி வந்தாலே பேச்சு முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். பெரியவர் "அது வந்து..." என்று யோசிக்கிற நேரத்தில் ரோபோ குறுக்கே பாயும். இரண்டு முறை அப்படி நடந்தால் அவர் பேசுவதையே விட்டுவிடுவார்.

நிரலாளன்:
மிகச் சரி. காத்திருப்பை மூன்று விநாடிக்கு மாற்றலாம். ஆம், இல்லை என்று இரண்டு பெரிய பொத்தான்களும் வேண்டும்.

செவிலி:
பொத்தான் கட்டாயம் வேண்டும். "தலை சுத்துதா?" என்ற கேள்விக்கு வரும் "சுத்துது", "சுத்தலை" இரண்டும் பல்லில்லாத வாயில் எவ்வளவு நெருங்கி ஒலிக்கும்! தவறாகப் பிடித்து "எழுந்திருங்கள்" என்று சொல்லிவிட்டால் இடுப்பெலும்பு முறியும். கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, சுற்றல் இல்லாவிட்டால் மட்டுமே எழ வேண்டும். இந்தப் பாடத்தைப் பகலில், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது நடத்துங்கள். எழுகிற நேரத்தில் ரோபோ ஏவவே கூடாது, அது தாங்கிப் பிடிக்காது. மின்னேற்றும் கம்பி கட்டிலருகே கிடந்தால் அதுவே தடுக்கிவிடும்.

மருந்தாளுநர்:
மாத்திரை அளவைப் பற்றி ரோபோ வாய் திறக்கவே வேண்டாம். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது, மெலிந்தவர்களுக்கும் ஈரல் பழுதானவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மருந்துக்குள்ளும் அதுவே இருந்து கணக்கு ஏறிவிடும். இதையெல்லாம் ஆள் பார்த்துத்தான் சொல்ல முடியும். "அட்டையை எடுத்துக்கொண்டு செவிலியிடம் காட்டுங்கள்" என்பதோடு நிறுத்தட்டும்.

செவிலி:
"அடிக்கடி தண்ணீர் குடியுங்கள்" என்பதும் அப்படித்தான். வயதானால் தாகம் மங்கும், வெயிலில் அந்த அறிவுரை சரி. ஆனால் இதயச் செயலிழப்பு உள்ள சிலருக்கும், டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் மருத்துவர் தண்ணீருக்கு அளவு வைத்திருப்பார். பொதுக்கூடத்தில் நிற்கும் ரோபோவுக்கு எதிரே இருப்பது யார் என்று தெரியுமா?

நிரலாளன்:
தெரியாது. ஆகவே அந்த வரி பொதுப்பாடத்தில் வராது, ஒப்புக்கொள்கிறேன். கை கழுவும் பாடத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செவிலி:
நடத்துங்கள். ஆனால் புதுமை தீர்ந்து யாரும் ரோபோவைத் திரும்பிப் பார்க்காத மாதத்தில், குழாயடியில் நின்று கட்டைவிரலைப் பாருங்கள். எத்தனை பேர் ஆர்வமாகக் கேட்டார்கள் என்ற கணக்கு எனக்கு வேண்டாம்.