மறுமொழி: ‘பறவாக் காலம்’ வேண்டாம், ‘கரைத்தங்கல்’ என்று வைப்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம். ஸ்கூபா, அதாவது காற்று உருளையைச் சுமந்து கடலுக்குள் மூழ்குகிறவர்கள், மேலே வந்த பின் சில மணி நேரம் விமானத்தில் பறக்கக் கூடாது. ஆங்கிலத்தில் ‘no-fly time’ என்கிற அந்த நேரத்துக்கு, பயிற்சி வினாத்தாளுக்காக நாம் தேடும் தமிழ்ச்சொல் பற்றியது இந்த மறுமொழி.

> ஸ்கூபா வினாத்தாளின் 14-ஆம் கேள்விக்கு ‘பறவாக் காலம்’ என்றே போட்டுவிடலாம். மூலச்சொல்லுக்கு நேர், காதுக்கும் இனிமை.

ஐயா, இனிமைதான். செல்லாக் காசு, வாடா மலர் வரிசையில் இலக்கணமும் சரியாக இருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம் என் வீட்டிலேயே நடந்தது.

போன டிசம்பரில் அக்கா மகன் புதுச்சேரியில் இரண்டு நாள் கடலுக்குள் மூழ்கிவிட்டு, ஞாயிறு பகல் 11 மணிக்குக் கரையேறினான். நேராகக் காரில் குன்னூருக்குக் கிளம்பிவிட்டான். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்து, ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி முன்னால் போட்டிருக்கிறான். பர்லியாறு தாண்டி வளைவுகளில் ஏற ஏற அது தலையணை மாதிரி உப்பிவிட்டது. மலையில் இருக்கிற நமக்கு அது தினமும் பார்க்கிற காட்சி, அவனும் கண்டுகொள்ளவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்தவன் இடது தோளைப் பிடித்துக்கொண்டே சாப்பிட்டான். நாளெல்லாம் கார் ஓட்டிய அலுப்பு, மேலே குளிர் வேறு என்று நினைத்து நான்தான் நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டேன். விடியும்போது விரல்கள் மரத்துப்போயிருந்தன. நல்லவேளை, பார்த்த டாக்டர் “கடைசியாக எங்கே போயிருந்தாய்?” என்று கேட்டார். உடனே ஆக்சிஜன் வைத்து, படுத்தபடியே கீழே கோயம்புத்தூருக்கு அனுப்பினார். இப்போது நன்றாக இருக்கிறான்.

என்னை உறுத்துவது இதுதான்: பயிற்சியின் முடிவில் இதே கேள்வி அவனுக்கும் வந்திருக்கிறது. பல முறை மூழ்கியவர் எத்தனை மணி நேரம் பறக்கக் கூடாது? 18 மணி நேரம் என்று சரியாகவே எழுதியிருக்கிறான். “நான் ஃப்ளைட்ல வரலையே சித்தி” என்றான். விடை தெரிந்திருந்தது, ஆபத்து தெரியவில்லை. அந்தக் கேள்வியில் இருந்த சொல் அவனை விமானத்தை மட்டும் நினைக்க வைத்துவிட்டது.

நடப்பது என்ன என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். நீருக்குள் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 18 மீட்டரில் 2.8 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மூச்சின் வழியாக மெதுவாக வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் சுற்றியுள்ள அழுத்தம் இன்னும் குறைந்தால், சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்ததுபோல உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டு வலி, மரமரப்பு, தலைசுற்றல், தோலில் தடிப்பு, சில சமயம் கைகால் விளங்காமல் போவதுகூட நடக்கும்.

இதற்கு விமானம்தான் வேண்டும் என்பதில்லை. மலையில் ஏற ஏறவும் காற்றழுத்தம் குறையும், சிப்ஸ் பாக்கெட் உப்பியதும் அதனால்தான். பயணிகள் விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஊட்டி 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது விமானத்தையும் தாண்டிய உயரம். மலைப்பாதையில் காரில் ஏறுகிறவர் மூன்று மணி நேரத்துக்குள் விமானம் ஏறியவருக்குச் சமமாகிவிடுகிறார். நமக்கு வேண்டிய சொல் இறக்கையைச் சொல்லக் கூடாது, உயரத்தைச் சொல்ல வேண்டும்.

> ‘உயரத் தடைக்காலம்’ எனலாமா?

பொருள் சரி. ஆனால் நம் கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைதான். படகுக்காரர் காதில் வேறு எதுவும் விழாது.

போன வாரம் நானே ‘ஏறாநேரம்’ என்று எழுதியிருந்தேன். நம் குழுமத்தின் தூத்துக்குடி அக்கா அதில் ஒரு சிக்கலைப் பிடித்துவிட்டார். நீரிலிருந்து மேலே வருவதையும் ஏறுவது என்றுதான் சொல்கிறோம், அவசரமாக மேலே வர வேண்டியவன் தயங்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். நியாயம், அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். ‘கீழ்த்தங்கல்’ என்று யோசித்தேன். நாம் மலையில் சமவெளியைக் ‘கீழே’ என்போம். மூழ்குகிறவருக்கோ கீழே என்றால் கடலடி. அதுவும் போயிற்று.

அப்புறம்தான் ‘கரைத்தங்கல்’ தோன்றியது. செய்யக் கூடாததைச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. கரை என்பது கடல்மட்டம், ஆகவே விமானம், மலை, ரோப்கார் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இன்னொரு வசதியும் உண்டு. மூழ்கி முடித்து மேலே வரும்போது 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பார்களே, அதற்கு ‘இடைத்தங்கல்’ என்று ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறோம். இரண்டுமே உடம்பிலுள்ள நைட்ரஜன் வெளியேற விடும் நேரம். சொல்லிலும் அந்த உறவு தெரிகிறது.

வரையறை இப்படி: கரைத்தங்கல் – மூழ்கி முடித்த பின், உயரமான இடத்துக்கோ விமானத்திலோ செல்லுமுன் கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில் கழிக்க வேண்டிய நேரம். ஒரே ஒரு முறை, ஆழ்நிறுத்தம் (மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேறக் கட்டாயமாக நின்று வருவது) தேவைப்படாமல் மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம். பல முறை அல்லது பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரம். ஆழ்நிறுத்தம் தேவைப்பட்டிருந்தால் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். நம் மலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு முழு நாள் என்றே சொல்வேன்.

கேள்வியையும் மாற்றியிருக்கிறேன்: “புதுச்சேரியில் இரண்டு நாள் மூழ்கினீர்கள். இன்று பகல் 11 மணிக்குக் கடைசியாகக் கரையேறினீர்கள். காரில் ஊட்டிக்கு எப்போது புறப்படலாம்?” எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர் இதில் நின்று யோசிப்பார். அடுத்தது அவசரநிலைக் கேள்வி: “மலைக்கு வந்த இரவு தோள் வலிக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?” விடைகளில் ஒன்றாகத் தைலம் தேய்ப்பதையும் வைத்திருக்கிறேன். அதைத் தேர்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

கூட மூழ்கும் துணைக்கு ‘இணையர்’ வேண்டாம், கணவன் மனைவி என்று ஆகிவிடும். ‘கூட்டாளி’ போதும்.

தூத்துக்குடி அக்கா, சங்கு குளிக்கிறவர்களிடம் ‘கரைத்தங்கல்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். விளக்காமலே என்ன புரிகிறது என்று கேட்டு எழுதுங்கள். அதுவரை 14-ஆம் கேள்வியை அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து