மறு: ‘டச்டவுன் சோன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

ஐயா, வணக்கம்.

கடலடிக் குழாய் தரையில் பட்டு எழும் பகுதியான ‘டச்டவுன் சோ’னுக்குத் தாங்கள் முன்மொழிந்த ‘தொடுபுள்ளி’ பள்ளி வடிவியலில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. வட்டத்தைத் தொடுகோடு தொடும் இடம் அது. அதைவிடப் பெரிய சிக்கல், நாம் பெயர் தேடுவது ஒரு புள்ளிக்கே அல்ல.

ஆழ்கடல் எண்ணெய் மேடையிலிருந்து தொங்கும் எஃகு ஏறுகுழாய் (கடலடியிலிருந்து எண்ணெயை மேலேற்றும் ‘ரைசர்’), வளைந்திறங்கிக் கடல்தரையில் படுக்கிறது. மெக்சிகோ வளைகுடாவில் சுமார் 870 மீட்டர் ஆழத்தில் நிற்கும் ஷெல்லின் ஆகர் மேடையில்தான், 1990களின் நடுவில், இவ்வகைக் குழாய் முதலில் பயன்பட்டது. அலையில் மேடை அசைய அசைய, கீழே ஒரு நீளம் முழுவதும் குழாய் எழுவதும் விழுவதுமாக இருக்கிறது. உலோக அயர்ச்சிக்கு, அதாவது திரும்பத் திரும்ப வளைந்து விரிசல் விடுவதற்கு, பொறியாளர் அதிகம் அஞ்சும் இடங்களுள் ஒன்று அது.

கணிப்பில் தரையை அசையாப் பாறைபோல் வைத்தால், குழாய் தரையைச் சந்திக்கும் இடத்தில் வெட்டுவிசை (குழாயைக் குறுக்காக அறுக்கப் பார்க்கும் விசை) திடீரென்று தாவுகிறது. அயர்ச்சிச் சேதமும் பெரும்பாலும் மிகையாகவே வருகிறது. தரையைச் சுருள்வில் வரிசையாகக் கொண்டால் தாவல் தணியும். ஆனால் சேறு சுருள்வில் அல்லவே! அழுத்தினால் உள்வாங்குகிறது, தூக்கினால் விடாமல் பிடித்திழுக்கிறது, மீண்டும் மீண்டும் மிதித்தால் இளகுகிறது. நாளடைவில் குழாய் தனக்கென ஒரு பள்ளமே தோண்டிக்கொள்கிறது. ஆய்வாளர்கள் ராண்டால்ஃபும் குவிகினும் 2009இல் தந்த கணித மாதிரி இதைத் தொடாநிலை, முதல் புதைவு, தூக்கல், மறுபுதைவு என்று நான்கு நிலைகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறது.

ஆகவே தொடுவதையும் அமிழ்வதையும் சேர்த்துச் சொல்லும் வினை வேண்டும். ‘தோய்’ இரண்டையும் சொல்கிறது: ‘வான்தோய் மாடம்’ என்றால் தொடுதல், சாயத்தில் தோய்த்தால் அமிழ்தல். ‘தோய்விடம்’ என்பது என் பரிந்துரை. ‘படிவிடம்’ என்றும் எண்ணிப் பார்த்தேன்; கடலடியில் ‘படிவு’ என்றாலே வண்டல்தான் நினைவுக்கு வரும், குழப்பம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

சொல் அழகாக இருக்கிறது. ஒரு தடை: கொல்லர் வழக்கில் ‘தோய்ச்சல்’ என்பது இரும்பைப் பதப்படுத்துவது. எஃகுக் குழாய் அறிக்கையில் ‘தோய்’ என்று கண்டால் உலோகவியலார் முதலில் உலையைத்தான் நினைப்பார். ‘தரைதோய்விடம்’ என்று முன்னொட்டு சேர்த்தால் அந்த ஐயம் போய்விடும். நீளம்தான், ஆனால் ‘கடல்தரைத் தொடர்புப் பகுதி’ என்று எழுதும் கொடுமைக்கு இது தேவலை.

என் புள்ளியை மட்டும் முழுதாகத் தள்ளிவிடாதீர்கள். எந்த ஒரு கணத்தை நிறுத்திப் பார்த்தாலும் குழாய் ஓரிடத்தில்தானே முதலில் தரையைச் சந்திக்கிறது? அசைவைக் கணக்கில் கொள்ளாத நிலைச்சமநிலைக் கணக்கில் அந்த இடத்தின் தொலைவைத்தான் எழுதுகிறீர்கள். அதற்குத் ‘தரைதொடுபுள்ளி’, அது அலைந்து திரியும் நீளத்துக்குத் ‘தரைதோய்விடம்’. தூக்கும்போது சேறு பிடித்திழுப்பதற்கு, ‘சக்‌ஷன்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘உறிஞ்சல்’ என்பது எனக்கு ஒப்பவில்லை. பம்பு வேலை செய்வதுபோல் ஒலிக்கிறது. ‘சேற்றுப்பிடி’ என்று வைக்கலாமா? மற்றவர்களும் சொல்லட்டும்.